வேகமானியின் முள் ஓய்ந்தால்

குர்லாவில் உருவாகி, மும்பையில் டாக்ஸியாகப் பல்லாண்டு உழைத்த பிரீமியர் பத்மினி 2023 அக்டோபரில் விடைபெற்றது. அதன் கியர் பெட்டியிலிருந்து வரும் கேபிள் சுழன்று வேகமானியின் முள்ளை அசைக்கும். முள் ஓய்ந்தால் தாராவி ஓட்டுநர்கள் முதலில் கேபிளைத்தான் நோக்குவர்.

இன்றைய கார்களில் அப்பணியைச் சென்சார் என்னும் சிறு கருவி ஆற்றுகிறது. அது கியர் பெட்டியிலோ சக்கரத்தருகிலோ அமைந்திருக்கும். சுழலும் பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் அதைக் கடக்கையில் ஒரு மின்துடிப்பு எழும். அத்துடிப்புகளை எண்ணியே வண்டியின் கணினி வேகத்தை அறிகிறது. தானியங்கிக் கியர் வண்டிகளில் கியர் மாறும் வேளையையும் அதைக்கொண்டே வகுக்கிறது. ஆதலின் சென்சார் பொய்த்தால் கியர் காலந்தவறி மாறும்; வண்டி குலுங்கும். கியர் பெட்டியே பழுதென்று அஞ்சுவோர் பலர்.

அஞ்சற்க, எளியதிலிருந்து தொடங்குக. சோதனைக் கருவி ‘பி0500’ என்று காட்டினால், வேகக் குறிப்பு வரும் வழியில் குறையுண்டு என்பதே பொருள். எந்த உறுப்பு கெட்டதென்று அது சொல்லாது. முதலில் மழைநீர் புகுந்து இணைப்பில் களிம்பு ஏறியுள்ளதா, வயர் அறுந்துள்ளதா என்று காண்க. கியர் பெட்டியிலுள்ள சென்சாராயின், கழற்றி நுனியில் ஒட்டிய இரும்புத் துகளைத் துடைக்கவும். துகள் மிகுந்திருப்பின் அது கியர் பெட்டியின் தேய்மானத்திற்கு அறிகுறி. முள் செவ்வனே ஓட, கியர் மட்டும் வழுக்கினால் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் சோதிக்க வேண்டும்.

இவ்வரிசையை மறந்து, சிறு கருவியின் குற்றத்தைப் பெரிய உறுப்பின்மேல் ஏற்றினால், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் பட்டறைக்குப் போய்விடும்.