பக்கத்துப் பாயில் யார்?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், தண்டனை பெற்ற சிறார்களை அடைத்துவைக்கும் 169 இல்லங்களின் பதிவேடுகளை மூன்று ஆய்வாளர்கள் கையில் எடுத்தார்கள்: பேட்ரிக் பேயர், ராண்டி யால்மர்சன், டேவிட் போசன். மொத்தம் 8,000 பேருக்கு மேல். யார் எந்த இல்லத்தில் எப்போது இருந்தார், கூட இருந்தவர்கள் எந்தக் குற்றத்துக்காக வந்தவர்கள், வெளியே போன பிறகு மறுபடி எதில் சிக்கினார் என்பதெல்லாம் அவற்றில் இருந்தது. சிறை என்பது குற்றத்துக்கான பள்ளிக்கூடம் என்று காலங்காலமாகச் சொல்கிறோமே, அது உண்மைதானா என்று பார்ப்பதுதான் நோக்கம். 2009இல் முடிவுகள் வெளியாகின.

இதை அளப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சிறைக்குப் போய்வந்தவர்களையும் போகாமல் தப்பியவர்களையும் ஒப்பிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. நீதிபதிகள் உள்ளே அனுப்புவதே, பெரும்பாலும், ஏற்கெனவே நிலைமை மோசமான ஆட்களைத்தான். அவர்கள் திரும்பவும் தப்புச் செய்தால் காரணம் சிறையா, ஆளா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஃபுளோரிடா ஆய்வாளர்கள் தற்செயலைத் துணைக்கு அழைத்தார்கள். ஒரே இல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் உள்ளே வரும் பையனுடன், வீடு புகுந்து திருடிய பத்துப் பேர் தங்கியிருக்கலாம். அவர்களில் பலர் விடுதலையான பின் செப்டம்பரில் வருபவனுக்கு அப்படிப்பட்ட மூன்று பேர்தான் வாய்க்கலாம். கட்டடம் அதேதான், காவலர்கள் அதேதான். மார்ச்சில் வந்தானா, செப்டம்பரில் வந்தானா என்பது மட்டுமே அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் அவர்கள் வெளியே போன பிறகு என்ன செய்கிறது என்று பார்த்தார்கள்.

கிடைத்த பதிலில் ஒரு திருப்பம். ஏற்கெனவே வீடு புகுந்து திருடிப் பழகிய பையன், அதே தொழில்காரர்கள் நடுவே இருந்துவிட்டு வந்தால் மறுபடி அதையே செய்யும் வாய்ப்பு கூடியது. போதைப்பொருள், சில்லறைத் திருட்டு, கடுமையான தாக்குதல் ஆகியவற்றிலும் இதே கதை. ஆனால் அந்தக் குற்றத்தில் கைவைத்தே பார்க்காதவனை, கூட இருந்தவர்கள் புதிதாக அதற்குள் இழுத்துப் போட்டதாகச் சான்று கிடைக்கவில்லை. பன்றியோடு சேர்ந்த கன்று என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பாதி தெரிந்தவனுக்குத்தான் மீதியும் ஏறுகிறது.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. திருட்டில் கஷ்டமான பகுதி திருடுவது அல்ல, திருடியதை விற்பது. எந்தப் பூட்டு எளிது, எந்தத் தெருவில் கேமரா இல்லை, நகையைக் கேள்வி கேட்காமல் வாங்குபவர் யார் என்பதெல்லாம் ஏற்கெனவே இறங்கியவனுக்கு மட்டுமே பயன்படும் தகவல். மற்றவன் காதில் அது வெறும் கதை.

கூட்டாளிகள் மட்டுமே காரணமும் அல்ல. சிகாகோவில் அன்னா ஐசர், ஜோசப் டாயில் இருவரும் சுமார் 35,000 சிறார்களின் வழக்குகளை ஆராய்ந்தார்கள். அங்கே யார் வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பது ஏறக்குறைய குலுக்கல். ஒருவர் கறார், இன்னொருவர் இளகிய மனசுக்காரர். கறாரானவரிடம் மாட்டி உள்ளே போனவர்கள் பள்ளிப் படிப்பை முடிப்பது குறைந்தது, பெரியவர்களான பின் சிறைக்குப் போவது கூடியது. இத்தனைக்கும் பெரும்பாலானோர் இருந்தது சில வாரங்களோ ஓரிரு மாதங்களோதான். நடுவில் பள்ளியை விட்டவன் திரும்பப் போவதில்லை, அவ்வளவுதான். உள்ளே கற்றதைவிட வெளியே இழந்தது பெரிது.

இதை வைத்துச் சிறையே வீண் என்று தீர்ப்பு எழுதிவிடவும் முடியாது. நார்வேயில் இதே நீதிபதிக் குலுக்கலை வைத்து மனுதீப் புல்லர் குழுவினர் செய்த ஆய்வு நேர்மாறாக வந்தது. சிறைக்குப் போனவர்கள் ஐந்தாண்டுகளுக்குள் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு 25 சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் குறைந்திருந்தது. ஆனால் அந்தப் பலன் கிடைத்தது முன்பு வேலை இல்லாமல் இருந்தவர்களுக்குத்தான். சிறையில் தொழிற்பயிற்சி பெற்றார்கள், வெளியே வந்து வேலைக்குப் போனார்கள். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கோ சிறை வேலையைப் பறித்ததுதான் மிச்சம். அங்கே தண்டனைக் காலம் குறைவு என்பதையும், பெரும்பாலும் ஆளுக்கு ஓர் அறை என்பதையும் மறக்கக் கூடாது.

ஆக, சிறை திருத்துமா கெடுக்குமா என்ற கேள்வியே அரைகுறை. யாரோடு, எத்தனை நாள், பகலெல்லாம் என்ன செய்துகொண்டு என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும்.

எத்தனை நாள் என்ற கேள்வி இந்தியாவுக்கும் பொருந்தும். நம் நாட்டுச் சிறைகளில் 2022 இறுதியில் இருந்த 5.73 லட்சம் பேரில் நான்கில் மூன்று பேர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு இவர்களுக்கானது. இதற்குமுன் தண்டனையே பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை உள்ளே கழித்துவிட்டால் பிணைப்பத்திரத்தில் விடுவிக்க வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும் வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. நீதிமன்றத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அப்படி உள்ளே இருந்தால், அந்த விண்ணப்பம் போய்விட்டதா என்று வழக்கறிஞர் மூலம் விசாரியுங்கள்.