கண்மாயில் சிக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி

தமிழ்நாட்டு நீர்நிலைகளில் தூண்டில் போடுவோருக்குச் சில வேளை விசித்திரமான மீன் ஒன்று அகப்படுகிறது. கருஞ்சாம்பல் நிறமும், தட்டையான பெருந்தலையும், வாயைச் சுற்றி நீண்ட மீசைகளும் உடையது. இரையைக் கண்டதும் பாய்ந்து விழுங்கும்; கரையில் எடுத்துப் போட்டாலும் நெடுநேரம் சாவதில்லை. இதனை விரால் என்பாரும் உளர். தேளி என்பாரும் உளர். இரண்டும் அன்று. இது ஆப்பிரிக்கக் கெளுத்தி. கண்மாய்களில் மீன்பாசிக் குத்தகை எடுக்கும் அங்கத்தினர் இதனை அறிந்திருத்தல் அவசியம் என்று கருதுகிறோம்.

அடையாளங்கள்

விராலுக்கு உடல் முழுவதும் செதில் உண்டு, மீசை இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்திக்குச் செதில் இல்லை, மீசைகள் எட்டு. தேளிக்கும் எட்டு மீசைகள் உண்டெனினும், அதன் முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. ஆப்பிரிக்கக் கெளுத்தியின் முதுகுத் துடுப்போ தலைக்குச் சற்றுப் பின்னே தொடங்கி வால் வரை நீள்கிறது. நம் சிறு கெளுத்திகளுக்கு முதுகுத் துடுப்பின் பின்னால் சதைப்பற்றான மற்றொரு துடுப்பு உண்டு. இதற்கு அது இல்லை.

நாட்டு மசறை மட்டுமே இதனை நெருங்கி ஒத்தது. மசறை ஒன்றரை அடிக்கு மேல் வளர்வது அரிது. ஆப்பிரிக்காவிலோ ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீண்ட கெளுத்திகள் பிடிபட்டுள்ளன. வளர்ந்த மீனின் தலையெலும்பு தடவினால் சொரசொரப்பாக இருக்கும். குஞ்சுப் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆகவே மீன்வளத் துறையினரிடம் காட்டித் தெளிதல் நன்று.

வந்த வழி

வில்லியம் பர்ச்செல் என்னும் ஆங்கிலேயர், தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு நதியில் கண்ட இம்மீனை 1822-ஆம் ஆண்டில் விவரித்தார். அந்நதியின் பழம்பெயர் காரிப்; அதனாலேயே மீனுக்குக் காரிபைனஸ் என்று பெயரிட்டார். விரைவில் எடை கூடுவது என்பதால் பல நாடுகளில் இதனை வளர்க்கத் தொடங்கினர். இந்தியாவுக்குள் அனுமதியின்றியே வந்து பரவியது. நாட்டு மீனினங்களை அழிக்கிறது என்பதால், 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் இதன் வளர்ப்பைத் தடை செய்தது. எனினும் மறைவாக வளர்ப்போர் ஒழியவில்லை. ராஜஸ்தானத்துப் பரத்பூர்ப் பறவைச் சரணாலய நீரிலும் இது பெருகி, வனத்துறையினர் பிடித்து அகற்ற நேர்ந்தது.

வறட்சி கொல்லாத மீன்

நம் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிக் கோடையில் வற்றுபவை. "வற்றினால் எல்லா மீனும் போய்விடும்; இதற்கு அஞ்சுவானேன்?" என்று கேட்கலாம். இம்மீனைப் பொறுத்தவரை அந்த எண்ணம் தவறு. இதன் செவுள்களின் மேற்புறம் மரக்கிளை போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனைக் கொண்டு காற்றையே சுவாசிக்கிறது. சேற்றில் ஈரம் உள்ளவரை பதுங்கிக் கிடக்கும். மழை இரவில் ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்கும் செல்லும்.

நம் கண்மாய்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்தவை. மேற்கண்மாய் கலுங்கில் பாயும் நீர் கீழ்க்கண்மாயை அடைந்து, முடிவில் குண்டாற்றில் சேர்கிறது. ஓர் ஊரார் விட்ட மீன் பல ஊர்களைச் சென்றடையும். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விலை கொடுத்து வாங்கி விட்டவர்களுக்குக் கிடைப்பது சில மாத நீரே. அதற்குள் குஞ்சுகளை இது தின்றுவிட்டால், அடுத்த மழை வரை ஈடு செய்ய வழியில்லை. குத்தகைப் பணமோ கட்டியது கட்டியதே.

செய்ய வேண்டுவன

முதலாவது, இம்மீன் அகப்பட்டால் இரக்கப்பட்டோ வேடிக்கைக்காகவோ திரும்ப நீரில் விடலாகாது. கிணற்றிலும் பண்ணைக்குட்டையிலும் இட்டு வளர்த்தலும் கூடாது. கொன்று, நீர்நிலைக்கு அப்பால் புதைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, குஞ்சுகளை அரசு மீன்பண்ணையிலோ பதிவு பெற்ற பண்ணையிலோ ரசீதுடன் வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் மீசைக் குஞ்சுகளை, கெளுத்தி என்று சொன்னாலும் தேளி என்று சொன்னாலும், வாங்குதல் ஆகாது.

மூன்றாவது, மீன் சிக்கிய கண்மாயின் பெயரையும் நாளையும் குறித்து, மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் கீழ்க்கண்மாய்க் குத்தகைதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். கண்மாய் வற்றும் தறுவாயில் ஊர் கூடி மீன் பிடிக்கும்போது, சேற்றுக் குழிகளை விடாது தேடி இதனை அகற்றுவது எளிது. அவ்வாய்ப்பை அங்கத்தினர் தவற விடலாகாது.