நெல்லுக்குப் புகையூட்டினால் வீட்டுக்குள் எப்போது போகலாம்?

சேமித்த நெல்லில் அந்துப்பூச்சி, வண்டுகளை அழிக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பதுண்டு. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயு கிளம்பும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. சுவர் விரிசல் வழியே பரவி, பக்கத்து அறையில் உறங்கும் குழந்தைகளின் உயிரையும் பறிக்கும்.

ஆகவே குடியிருக்கும் வீட்டில் இதை வைக்கவே கூடாது. தனிக் கிடங்கிலும் அரசு அங்கீகரித்த வல்லுநரின் மேற்பார்வையில்தான் வைக்க வேண்டும். கிடங்கை ஒட்டி வீடு இருந்தால் அங்குள்ளோரும் வெளியேறுவது அவசியம்.

5 முதல் 7 நாட்கள் மூடி வைத்தபின், கதவு, சன்னல்களைத் திறந்து ஒரு நாளாவது காற்றோட்டம் விட வேண்டும். பூண்டு நாற்றம் வரவில்லை என்று நம்பி நுழையக் கூடாது. வல்லுநர் கருவி கொண்டு சோதித்துச் சொன்ன பிறகே திரும்பலாம். தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் கண்டால் உடனே வெளியேறி மருத்துவமனைக்குச் செல்லவும்.