அக்கறை இல்லாத காதுக்குள் எது நுழைகிறது?

அண்ணாகிராமம் வட்டாரத்துக் கரும்பு விவசாயி ஒருவரிடம் புது ரகக் கரணையைக் காட்டிப் பாருங்கள். மறுதாம்பு எப்படி வரும், செவ்வழுகலைத் தாங்குமா என்று துருவித் துருவிக் கேட்பார். பதில் திருப்தியாக இல்லையென்றால், சொல்பவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் கரணையை வாங்கமாட்டார். அதே மனிதர் தன்னைத் தொடாத ஒரு விஷயத்தில், “பெரிய டாக்டரே சொல்லிட்டாரே” என்று ஒப்புக்கொண்டு நகர்ந்துவிடுவார். ஒரே தலைக்குள் இத்தனை கறாரும் இத்தனை தாராளமும் எப்படி?

ரிச்சர்ட் பெட்டி, ஜான் கசியோப்போ, ரேச்சல் கோல்ட்மன் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. பட்டம் பெறுவதற்கு முன் கூடுதலாக ஒரு பெரிய தேர்வு வரப்போகிறது என்று அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் சொன்னார்கள். சிலருக்கு அது அடுத்த ஆண்டே. மற்றவர்களுக்குப் பத்து ஆண்டு கழித்து. தேர்வை ஆதரிக்கும் வாதங்கள் சிலருக்கு வலுவாகவும் சிலருக்குச் சப்பையாகவும் வந்தன. அவற்றைச் சொன்னதாகக் காட்டப்பட்டது, ஒரு பக்கம் பேராசிரியர் தலைமையிலான கல்விக் குழு. இன்னொரு பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

தானே எழுத வேண்டும் என்று நினைத்தவர்கள் வாதத்தை எடைபோட்டார்கள். யார் சொன்னது என்பது பெரிதாக எடுபடவில்லை. பத்து ஆண்டு தள்ளியிருந்தவர்களிடம் பேராசிரியரின் பெயர்தான் வேலை செய்தது. பெட்டியும் கசியோப்போவும் 1984இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இதைவிட வியப்பானது: அக்கறையற்றவர்களை மூன்று வாதங்களைவிட ஒன்பது வாதங்கள் அதிகம் இணங்கவைத்தன, அவை சப்பையானவையாக இருந்தபோதும்கூட. எண்ணிக்கையே போதுமானதாகிவிட்டது.

இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாளில் காதில் விழும் அத்தனையையும் அலசிப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. ஆனால் இப்படி ஒட்டிய கருத்து, யோசித்து ஏற்ற கருத்தைப்போல நிலைப்பதில்லை. எதிர்ப்பேச்சு வந்தால் எளிதில் உதிர்ந்துவிடும். போலியோ ஒழிப்பில் நம் நாடு இதை நேரில் பார்த்தது. ‘இரண்டு சொட்டு’ மருந்துக்கு வாருங்கள் என்று நடிகர் ஒருவர் தொலைக்காட்சியில் அழைத்தது, மறுப்பு எதுவும் இல்லாத வீடுகளுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். உத்தரப் பிரதேசத்தில் பயந்து கதவடைத்த குடும்பங்களிடம் உள்ளூர்ப் பெண்களும் மதப் பெரியவர்களும் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இயற்கையான போலியோ வைரஸால் நாட்டில் கடைசியாக ஒருவர் பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில்.

அக்கறையற்றவரை யோசிக்கவைக்க வழி உண்டா? கூற்றைக் கேள்வியாக்கினால், அசட்டையாக இருந்தவர்களும் வாதத்தை எடைபோடத் தொடங்குகிறார்கள் என்று 1981இன் மற்றோர் ஆய்வு காட்டியது. கொசு ஒழிப்புக்காக வரும் ஒலிபெருக்கி ஆட்டோ “தண்ணீர் தேங்க விடாதீர்” என்று சொல்லிக்கொண்டு போவதைவிட, “உங்கள் கொல்லைப்புறத் தொட்டிக்கு மூடி இருக்கிறதா?” என்று கேட்கலாம். ஏற்கெனவே ஆழ்ந்து யோசிப்பவரிடமோ இதே கேள்விகள் இடைஞ்சலாகிவிடுகின்றன என்றும் அந்த ஆய்வு கண்டது. கரணை வாங்க வந்தவரிடம் கேள்வி வேண்டாம். ஏக்கருக்கு எத்தனை டன் என்று சொன்னால் போதும்.