முத்துச்சிப்பிக்குள் ஒளிந்திருந்த ஒட்டுண்ணி... தூத்துக்குடி கடலில் சிக்கியது எப்படி?

போடி பக்கம் ராசிங்காபுரத்தில், மலையேறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் 'கட்டே' நோய் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இலையில் வெளிர் கோடுகளைப் பார்த்தாலே சொல்லிவிடுவார்கள். அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோய் அது. மருந்து கிடையாது, செடியைத் தூரோடு பிடுங்கி அழிக்க வேண்டும். நோய் எது என்று தெரிந்ததால்தான் அந்த முடிவை எடுக்க முடிகிறது.

செடியென்றால் இலை காட்டிக்கொடுக்கும். கடலுக்கடியில் ஓட்டை இறுக மூடிக்கொண்டிருக்கும் சிப்பிக்கு நோய் வந்தால்?

தூத்துக்குடிக்கு இந்தக் கேள்வி ரொம்பவே முக்கியம். அங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன்பின், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் (சி.எம்.எஃப்.ஆர்.ஐ) விஞ்ஞானி அழகர்சுவாமி தலைமையிலான குழு, 1973-ல் சிப்பிக்குள் உருண்டையான முத்தை வளர்த்துக் காட்டியது. கடலில் எடுத்த முத்து, வளர்ப்பு முத்தாக மாறியது அப்போதுதான்.

அதே நிறுவனத்தைச் சேர்ந்த சனில், விஜயன், கிருபா, முகமது ஆகியோர் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தென்கிழக்குக் கடலோர முத்துச்சிப்பிகளில் 'பெர்கின்சஸ் ஓல்செனி' என்ற ஒட்டுண்ணி இருக்கிறது என்பதே அதன் சாரம். இயற்கையாக வளர்ந்த சிப்பி, பண்ணைச் சிப்பி இரண்டிலுமே அது இருந்தது.

நீலக்கறுப்பு உருண்டைகள்

கண்ணுக்குத் தெரியாத இந்த ஒரு செல் உயிரியைப் பிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. 1952-ல் அமெரிக்க விஞ்ஞானி சாம்மி ரே கண்டுபிடித்தது. சிப்பியின் சதைத் துண்டை, 'தயோகிளைகோலேட்' என்ற திரவத்தில் சில நாள்கள் இருட்டில் வைப்பார்கள். ஒட்டுண்ணி இருந்தால் அதன் செல்கள் பெரிதாக உப்பும். பிறகு அயோடின் விட்டால், மைக்ராஸ்கோப்பில் நீலக்கறுப்பு உருண்டைகளாகத் தெரியும்.

ஆனால், இது பெர்கின்சஸ் குடும்பம் என்பதை மட்டும்தான் சொல்லும். குடும்பத்தில் யார் என்பதை டி.என்.ஏ-வைப் படித்தால்தான் உறுதிசெய்ய முடியும். அப்படித்தான் 2012-ல் நம் உண்ணும் சிப்பியில் 'பெர்கின்சஸ் பெய்ஹாயென்சிஸ்' என்ற வேறொரு வகை தெரியவந்தது. சீனாவின் பெய்ஹாய் பகுதிச் சிப்பிகளைவைத்து 2008-ல்தான் அதற்குப் பெயரே சூட்டியிருந்தார்கள்.

பெயர் ஏன் முக்கியம்?

ஓல்செனி, உலக விலங்கு சுகாதார அமைப்பின் பட்டியலில் உள்ள நோய்க்கிருமி. கண்டறிந்தால் நாடுகள் தகவல் தர வேண்டும். பெய்ஹாயென்சிஸ் அந்தப் பட்டியலில் இல்லை. இன்னொரு வகையான 'மரைனஸ்', அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் சிப்பிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. ஆக, எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த நடவடிக்கை.

நோய் வந்தபின் செய்வதற்கு அதிகம் இல்லை. திறந்த கடலில் மருந்து தெளிக்க முடியாது. தடுப்பூசியும் பலிக்காது, நம் உடல்போல ஆன்டிபாடி உருவாக்கும் திறன் சிப்பிக்குக் கிடையாது. தண்ணீரின் சூடும் உப்பும் கூடினால் ஒட்டுண்ணிக்குக் கொண்டாட்டம்.

மிச்சமிருப்பது ஒரே வழி: சிப்பிக் குஞ்சுகளை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகும் முன் சோதிப்பது. நோயுள்ள குஞ்சு ஒன்று போனாலும், கூடவே ஒட்டுண்ணியும் புதிய இடத்தில் குடியேறிவிடும். கேரளக் கழிமுகங்களில் சிப்பியும் கல்லுமக்காயும் வளர்த்துப் பிழைக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு, அது ஒரு வருட உழைப்பையே பறித்துவிடக்கூடும்.

சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. பெர்கின்சஸ் மனிதர்களுக்கு நோய் தருவதில்லை. ஆபத்தெல்லாம் சிப்பிக்கும், சிப்பியை நம்பி உலைவைக்கும் குடும்பங்களுக்கும்தான்!