சாவடிக்காரரின் கணக்கு

எரிக்கோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனைச் சாவடியில் சேர்த்த நல்ல சமாரியன், அங்கே செய்த பண ஏற்பாட்டை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. இரண்டு வெள்ளிக் காசுகளைச் சாவடிக்காரரிடம் கொடுத்தான். மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வருகையில் தருவதாக வாக்களித்தான். பிறனுடைய நோய்ச் செலவைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட செயல் அது. ஒரு நாடே தன் முதியோர்க்காக இப்பொறுப்பை ஏற்றபோது நிகழ்ந்ததை அறிவது நமக்கு நலம் பயக்கும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1945-ஆம் ஆண்டிலேயே மக்கள் அனைவர்க்கும் மருத்துவக் காப்பீடு வேண்டுமெனக் கேட்டவர் குடியரசுத் தலைவர் ட்ரூமன். அம்முயற்சி நிறைவேறவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1965 ஜூலை 30 அன்று, 65 வயது நிரம்பியோர்க்கான ‘மெடிகேர்’ சட்டத்தில் தலைவர் ஜான்சன் ட்ரூமனின் ஊருக்கே சென்று கையொப்பமிட்டார். அம்முதியவரையே முதல் உறுப்பினராக்கினார்.

தொடக்கத்தில் மருத்துவமனைகள் செய்த நியாயமான செலவு எவ்வளவோ, அவ்வளவையும் அரசு பின்னர் ஈடுசெய்தது. சமாரியனின் வாக்குறுதியைப் போன்றதே இது. ஆனால் செலவு கூடக்கூட வரவும் கூடுமாயின், சிக்கனத்தை நாடுவோர் யார்? செலவு ஆண்டுதோறும் பெருகிற்று.

ஆகவே 1983-இல் முறை மாறியது. நோய்களை 460-க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்து, வகைக்கு இவ்வளவு என்று முன்னதாகவே தொகை குறித்தனர். நோயாளி ஐந்து நாள் தங்கினாலும் பத்து நாள் தங்கினாலும் பெரும்பாலும் ஒரே தொகைதான். தங்கும் நாட்கள் குறைந்தன. செலவின் வேகமும் தணிந்தது. எனினும், முற்றும் தேறாத முதியோர் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர் என்னும் குறையும் எழுந்தது. பின்னர் 2012 அக்டோபர் முதல் மற்றொரு விதி வந்தது: குறிப்பிட்ட சில நோய்களில், வீடு சென்றோர் 30 நாட்களுக்குள் மிகுதியாகத் திரும்பி வந்து சேர்ந்தால், அம்மருத்துவமனைக்குத் தரும் தொகை குறைக்கப்படும்.

செலவைப் பின்னர் ஈடுசெய்தால் வீண்செலவு. முன்னதாகவே வரையறுத்தால் அவசரம். ஒவ்வொரு முறைக்கும் அதற்குரிய சோதனை உண்டு. ஆதலால் சட்டத்தைத் திருத்துவதை எந்நாடும் நிறுத்த இயலாது. நோயுற்ற முதியவர் வெறும் கணக்கு எண்ணாகிவிடாதபடி காப்பதும் நீதியின் கடமையே.

ஆயினும் சட்டம் எட்டாத இடமொன்று உண்டு. குளிப்பாட்டவும் உணவூட்டவும் மட்டுமே ஆள் தேவைப்படும் முதியோரின் நீண்டநாள் பராமரிப்புச் செலவை மெடிகேர் ஏற்பதில்லை. அச்சுமை குடும்பத்தின் தோளில் இறங்குகிறது.

சமாரியன் காசு மட்டும் கொடுக்கவில்லை. காயங்களைத் தன் கையாலேயே கட்டினான். திரும்பி வருவேன் என்றும் சொன்னான். நம் பெற்றோரை மருத்துவமனையிலிருந்து அழைத்து வரும் நாளில் கட்டணச் சீட்டை நாம் கவனமாகவே சரிபார்க்கிறோம். எந்த மருந்தை எவ்வேளை கொடுப்பது, எந்த அறிகுறி கண்டால் மருத்துவரிடம் விரைவது, இரவில் அருகே இருப்பவர் யார் என்பவற்றையும் அன்றே கேட்டுத் தெளிவோமாக. பணம் செலுத்தியதோடு நம் கணக்கு முடிவதில்லை.