"தம்பி சும்மாத்தான் இருக்கான்!"

"தம்பி என்ன பண்றார்?" என்று விருந்தாளி கேட்டால், "சும்மாத்தான் இருக்கான்" என்கிறோம். உள் அறையில் இருப்பவன் காதில் அது விழாமலா போகும்?

மனச்சிதைவு நோயில் காதில் கேட்கும் குரல்கள், சந்தேகம் எல்லாம் பெரும்பாலும் மாத்திரையில் அடங்கிவிடும். குளிக்கக்கூட எழுந்திருக்க விடாத ஒரு மந்தம் இருக்கிறதே, அது லேசில் போகாது. அதுவும் நோய்தான் ஸார், சோம்பேறித்தனம் இல்லை! நாம் 'தண்டச்சோறு' என்று பட்டம் சூட்டுகிறோம். கொஞ்ச நாளில் அவனே அதை நம்பிவிடுகிறான். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் 1950-களில் தொடங்கிய ஆய்வுகள் சொன்னது இதுதான்: வீட்டில் குத்திக்காட்டும் பேச்சு அதிகமென்றால், நோய் திரும்பும் வாய்ப்பும் அதிகம்.

அதற்காகத் திடீரென்று "நீ கெட்டிக்காரன்டா" என்று ஐஸ் வைக்காதீர்கள். அவனுக்குப் புரியாதா என்ன? மளிகை வாங்கும் பொறுப்பைக் கொடுங்கள். முடியாத நாளில் விட்டுவிடுங்கள். வாங்கி வந்தால், மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்காதீர்கள். (பி.காம். படித்தவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்!) தங்கைக்கு வரன் வந்தால் அவனையும் உட்காரவைத்து அபிப்பிராயம் கேளுங்கள்.

உங்களுக்கே யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும் போலிருந்தால், 14416. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்'. இலவசம். தமிழிலேயே பேசலாம்.